கதவுக்கு வெளியே ஓர் அமைச்சர், ஒரு வார்டு உறுப்பினர்

2021 மே 7 அன்று தமிழ்நாட்டில் புதிய அரசு பொறுப்பேற்றது. சரியாகப் பத்து நாள் கழித்து, மே 17 அன்று, அப்போதைய ஒன்றியக் கல்வி அமைச்சர் ரமேஷ் பொக்ரியால் நிஷாங்க் மாநிலங்களுடன் காணொலிக் கூட்டம் ஒன்றை நடத்தினார். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். இணையவழி வகுப்புகள் எப்படி நடக்கின்றன, தேசியக் கல்விக் கொள்கை 2020 எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பவை பேசுபொருள். அழைப்பு மாநிலக் கல்வித்துறைச் செயலாளர்களுக்கு மட்டும். அமைச்சர்களுக்கு இல்லை. நம் பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி, மாநில அமைச்சர்களோடு பேசுங்கள் என்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. தமிழ்நாடு அந்தக் கூட்டத்தைப் புறக்கணித்தது.

ஊரடங்கில் நான் அப்போது ஓசூருக்கு வெளியே செங்கல் சூளைகளில் அரிசிப் பையோடு சுற்றிக்கொண்டிருந்தேன். செய்தியைக் கைப்பேசியில் பார்த்தபோது பெரிதாக எதுவும் தோன்றவில்லை. அமைச்சருக்கும் செயலாளருக்கும் நடுவில் உள்ள மரியாதைச் சண்டை என்று கடந்துபோய்விடக்கூடிய செய்திதான் அது. எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவர் இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறார்: "அமைச்சர் போனா என்னக்கா, செயலாளர் போனா என்ன? ரெண்டு பேரும் நம்ம காலனிக்கு வரப்போறதில்லையே."

கேள்வி நியாயமானதுதான். ஆனால் விடை அவ்வளவு எளிதில்லை. நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன, அந்த அறைக்குள் யாருக்கு நாற்காலி, யாருக்குத் திண்ணை என்பதைச் சமூகப் பணிக்கு வந்த இந்தப் பத்து ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் டெல்லிக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1976இல் 42ஆவது சட்டத்திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. நெருக்கடி நிலைக் காலம். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது நிறைவேறிய திருத்தம் அது. அதற்குப் பிறகு ஒன்றியமும் மாநிலமும் இரண்டுமே கல்வியில் சட்டம் செய்யலாம். முரண்பட்டால் பெரும்பாலும் ஒன்றியச் சட்டமே நிற்கும். ஆகவே மாநிலம் தன் கருத்தைச் சொல்ல மிச்சமிருக்கும் இடம் இந்த மாதிரிக் கூட்டங்கள்தான். அந்தக் கூட்டத்தில் மாநிலத்தின் சார்பில் உட்கார்வது யார் என்பது வெறும் மரியாதைப் பிரச்சினை ஆகாது. செயலாளர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. "எவ்வளவு தூரம் அமல்படுத்தியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் அவர் சதவீதம் சொல்வார். "இந்தக் கொள்கையே எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. அதைச் சொல்லக்கூடியவர் தேர்தலில் நின்று வந்தவர். திரும்பி வந்து சட்டமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டியவர். அவரை விட்டுவிட்டு அதிகாரியை மட்டும் கூப்பிட்டால், கொள்கை சரியா என்ற கேள்வி கூட்டம் தொடங்கும் முன்பே மேசையிலிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறது. மிச்சம் இருப்பது அமலாக்கம் மட்டும்.

ஆறு நாள் கழித்து, மே 23 அன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை என்ன செய்வது என்று ராஜ்நாத் சிங் தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. அதற்கு மாநிலக் கல்வி அமைச்சர்கள் அழைக்கப்பட்டார்கள். தேர்வை நடத்தினாலும் திட்டு, நடத்தாவிட்டாலும் திட்டு என்ற நிலையில் கதவு திறந்தது. திட்டைப் பங்குபோட ஆள் தேவைப்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். தவறாகவும் இருக்கலாம், ஆனால் எங்கள் ஊர் பஞ்சாயத்துகளிலும் அப்படித்தான் நடக்கும்.

கல்விக் கொள்கையை மூடிய அறையில் செய்வது புதிய பழக்கம் அல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த, பின்னால் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கிய தொடக்கக் கல்வித் திட்டத்தின் மீது அன்றைக்கு வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று, அது சட்டமன்றத்தில் முறையாக விவாதிக்கப்படாமலே கிராமப் பள்ளிகளில் இறக்கப்பட்டது என்பது. பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில். நம் பிள்ளைகளுக்கு அப்பன் தொழில் என்றால் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. 1954இல் காமராசர் அரசு அதைக் கைவிட்டது. 2016இல் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் குழு புதிய கல்விக் கொள்கைக்கான அறிக்கையைக் கொடுத்தது. அறிக்கையை வெளியிடுங்கள் என்று குழுவின் தலைவரே பொதுவெளியில் கேட்க வேண்டியிருந்தது. அமைச்சகம் அதற்குப் பதிலாக 'சில உள்ளீடுகள்' என்ற பெயரில் ஒரு சுருக்கத்தை வெளியிட்டது. 2019இல் கஸ்தூரிரங்கன் குழு வரைவு வந்தது. 2020 ஜூலை 29 அன்று, பள்ளிகள் பூட்டிக் கிடந்த நேரத்தில், ஒன்றிய அமைச்சரவை கொள்கையை ஏற்றுக்கொண்டது. நாடாளுமன்றம் விவாதித்து வாக்களித்துச் செய்த சட்டம் அல்ல அது.

இதுவரை டெல்லி. டெல்லியைத் திட்டுவது நமக்கு எளிது, கைத்தட்டலும் கிடைக்கும். இனி வீட்டுக்கு வருவோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஓசூர் தெரியும். சிப்காட், லேலண்ட், டிவிஎஸ், டைட்டன், இப்போது டாடாவின் மின்னணுத் தொழிற்சாலை. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. பஸ் ஏறினால் அரை மணியில் அத்திப்பள்ளி; அங்கிருந்து கர்நாடகம். காலையில் ஷிப்ட் வண்டிகள் ஓடும் அதே சாலையில்தான் கல்குவாரிக்கும் சூளைக்கும் ரோஜாத் தோட்டத்துக்கும் ஆள் ஏற்றிப் போகும் டெம்போக்களும் ஓடுகின்றன. தளி, கெலமங்கலம், சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கம் எங்கள் சனம் வீட்டில் தெலுங்கு பேசும், சில ஊர்களில் கன்னடம் பேசும், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கும், ஆனேக்கலில் வேலை கிடைத்தால் குடும்பத்தோடு அங்கே போய்விடும். போன பிள்ளையின் எண் இங்கே எமிஸில் 'காமன் பூல்' என்ற தொட்டியில் விழுந்துவிடும். அந்தப் பக்கம் கர்நாடகத்துக்கு வேறு கணினி, வேறு எண். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் டி.சி. கேட்பார்கள். எங்கே போய் வாங்குவது? எல்லைக்கு இருபுறமும் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லாமல் வளரும். இந்தப் பிள்ளைகளைப் பற்றிய கூட்டங்கள் மாதத்துக்கு ஒன்றாவது எங்காவது நடக்கின்றன. பெற்றோர் ஒருவரை அந்தக் கூட்டங்கள் எதிலும் நான் பார்த்ததில்லை.

2023இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அலுவலகத்தின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம்.

அந்த ஊராட்சியில் பட்டியல் சமூகப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டிலிருந்து 2019 டிசம்பர் தேர்தலில் வென்ற ஓர் அக்கா. ரோஜாத் தோட்டத்தில் கூலி. கணவர் கிரானைட் பட்டறையில். வீட்டில் தெலுங்கு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் கணக்கில் யாராலும் அவரை ஏமாற்ற முடியாது. அவருடைய காலனியை ஒட்டி ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 19 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். 19இல் 17 நம் பிள்ளைகள். ஊர்த்தெருவுப் பிள்ளைகள் எப்போதோ தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டார்கள். எண்ணிக்கை குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ப்பது பற்றி ஒரு கூட்டம் நடக்கப்போவதாகவும், இந்தப் பள்ளியின் பெயரும் பட்டியலில் இருப்பதாகவும் ஓர் ஆசிரியர் எங்கள் காதில் போட்டார். சேர்க்கப்போகும் பள்ளி இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கண்டெய்னர் லாரி ஓடும் சாலை.

அக்கா அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்தார். நல்ல புடவை, பையில் தேர்தல் வெற்றிச் சான்றிதழின் ஜெராக்ஸ். நானும் கூடப் போனேன். வாசலில் இருந்த உதவியாளர் நிறுத்தினார்.

"இது ஆபீசர்ஸ் மீட்டிங்மா. வெளிய உக்காருங்க."

"நானும் ஆபீசரு தான் சார். ஓட்டு போட்டு வந்த ஆபீசரு."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் கதவைத் திறக்கவில்லை. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில், பெரிய கம்பெனி ஒன்றின் சி.எஸ்.ஆர். பிரிவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போனார், நாற்காலி இழுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை, எந்த அரசுப் பதவியிலும் இல்லை. அவருடைய கம்பெனி இரண்டு பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுக்கப்போகிறது, அவ்வளவுதான். கழிப்பறை வரட்டும்; நமக்கும் வேண்டியதுதான். ஆனால் எந்தப் பள்ளி இருக்கும், எந்தப் பள்ளி போகும் என்று பேசும் அறையில் கழிப்பறைக்காரருக்கு இடம் இருக்கிறது, அந்த வார்டின் உறுப்பினருக்கு இல்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் டீக்குக் கிளம்பும்போது அதே உதவியாளர் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். "வந்ததுக்கு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்கமா. உங்களுக்கும் நல்லது." வந்ததற்கு அத்தாட்சி இருக்கட்டும் என்று அக்கா போட்டார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டோம். 30 நாள் கடந்தது, முதல் மேல்முறையீடு செய்தோம், பிறகு வந்தது. ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வரி: உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் கருத்தும் கேட்கப்பட்டது. இணைப்பில் வருகைப் பதிவேட்டின் நகல். அதில் அக்காவின் கையெழுத்து.

நான் அதைப் படித்துக் காட்டியபோது அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "திண்ணையில போட்ட கையெழுத்து எப்படி உள்ள போச்சு பாப்பா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் நகலை வாங்கி மடித்து ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டார்.

எம்.ஏ. சமூகவியலில் அதிகார வர்க்கம் பற்றி ஒரு முழுத் தாள் எழுதியிருக்கிறேன். மாக்ஸ் வெபர், எழுத்து ஆவணம், அலுவலக ரகசியம் எல்லாம் மனப்பாடம். அந்த ஒரு வரி கற்றுக்கொடுத்ததை அந்தத் தாள் கற்றுக்கொடுக்கவில்லை. நம்மை வெளியே நிறுத்துவது பாதிதான். நம் பெயரை உள்ளே உட்கார வைத்துவிட்டு உடம்பை மட்டும் வெளியே நிறுத்துவது மீதி. ஒதுக்கீட்டில் வந்த உறுப்பினர் இருந்தால்தான் கோரம் நிறையும், கோப்பு சுத்தமாகும். அதனால் பெயர் தேவை. வாய் தேவையில்லை.

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சி நினைவிருக்கும். 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் வெளிவந்தது: ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில். அவர் கூட்டத்துக்குள் இருந்தார், சட்டப்படி அதன் தலைவரே அவர்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்தன்று பட்டியல் சமூகத் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடிக்கம்பத்துக்கே இந்த நிலை என்றால் கோப்புக்கு?

இதில் நூறு வயதான ஒரு பழைய கதையும் உண்டு. 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, சந்தை பற்றியது என்று பலருக்குத் தெரியும். அரசு அலுவலகக் கட்டடங்களும் அதில் இருந்தன என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மனுவை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டியிருந்த காலம். தாத்தா கேட்டது கட்டடத்துக்குள் போகும் உரிமை. அரசாணையும் வந்தது. இன்று கட்டடத்துக்குள் போகலாம், யாரும் தடுப்பதில்லை. கட்டடத்துக்குள் இன்னொரு கதவு இருக்கிறது.

இனி நம் மாநில அரசு. 2021இல் டெல்லியின் மூடிய கதவைச் சரியாகவே கண்டித்த அரசு, 2022 ஏப்ரலில் மாநிலக் கல்விக் கொள்கை வகுக்க நீதியரசர் த. முருகேசன் தலைமையில் குழு அமைத்தது. நல்ல முயற்சி, மண்டல வாரியாகக் கருத்துக் கேட்புக் கூட்டங்களும் நடந்தன. ஆனால் 2023 மே மாதம் குழுவின் உறுப்பினரும் முன்னாள் துணைவேந்தருமான ஜவஹர்நேசன் விலகினார். குழு ஜனநாயகமின்றி ரகசியமாக நடக்கிறது, உயரதிகாரிகள் தலையிடுகிறார்கள், எதிர்க்க வேண்டிய தேசியக் கல்விக் கொள்கையின் வழியிலேயே போகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. குழுத் தலைவர் மறுத்தார். யார் சொன்னது உண்மை என்று நாம் தீர்ப்பு சொல்ல வழியில்லை, காரணம் அந்தக் கூட்டங்களின் குறிப்புகள் நம் கையில் இல்லை. என் வாதமே அதுதான். குறிப்பு வெளியில் இருந்திருந்தால் ஒரு மாலை உட்கார்ந்து படித்து முடிவுக்கு வந்திருக்கலாம். குழு தன் அறிக்கையை 2024 ஜூலை 1 அன்று முதல்வரிடம் கொடுத்தது. பள்ளிக் கல்விக்கான கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்றுதான் வெளியானது. இடையில் 13 மாதம். அந்த 13 மாதத்தில் எந்தப் பரிந்துரை ஏறியது, எது இறங்கியது, யார் சொல்லி? டெல்லியிடம் நாம் கேட்ட அதே கேள்விதான்.

அதைவிட என்னை உறுத்தியது பி.எம்.ஸ்ரீ பள்ளி விவகாரம். 2024 மார்ச் 15 தேதியிட்டு, அன்றைய தலைமைச் செயலாளர் ஒன்றிய அரசுக்கு எழுதிய கடிதத்தில் அந்தத் திட்டத்தில் தமிழ்நாடு ஆர்வமாக இருப்பதாகவும், அதிகாரிகள் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் என்றும் இருந்தது. அந்தக் கடிதம் பெரிய விவாதமானது ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2025 மார்ச்சில், தர்மேந்திர பிரதான் நாடாளுமன்றத்தில் பேசி, கடிதத்தை வெளியிட்ட பிறகு. குழு பரிந்துரைத்தால்தானே கையெழுத்து என்று சொல்லியிருந்தோம், பரிந்துரைக்கவில்லை, கையெழுத்திடவில்லை என்பது மாநில அரசின் விளக்கம். விளக்கத்தை நான் ஏற்கிறேன். தேசியக் கல்விக் கொள்கையை அப்படியே ஏற்கச் சொல்லி சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது அப்பட்டமான மிரட்டல் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், தொலைதூரப் பிள்ளைகளின் போக்குவரத்துச் செலவு எல்லாம் அந்தப் பணத்தில்தான் வருகின்றன. யார் வயிற்றில் அடித்தார்கள் என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்: ஒன்றியத்தோடு என்ன பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை மாநில மக்கள் ஒன்றிய அமைச்சர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்த அதிகாரிகள் குழு எத்தனை முறை கூடியது, என்ன பேசியது?

இதே 2023இன் மார்ச் நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகள் உட்பட வெவ்வேறு துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நலப்பள்ளிகள். நம் இயக்கங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து உண்டு. தனித்துறையில் இருப்பதால்தான் பாழாய்க் கிடக்கின்றன, பொதுத்துறைக்கு வரட்டும் என்பது ஒன்று. நமக்கென்று போராடிப் பெற்ற பள்ளிகளையும் நிலத்தையும் கரைத்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், முழு உறுதியோடு இல்லை. அந்தப் பள்ளிகளின் பெற்றோரைக் கூட்டிவைத்துக் கேட்டபின் அறிவித்திருந்தால் இந்த விவாதத்தையே வேறு தளத்தில் நடத்தியிருக்கலாம். முதலில் அறிவிப்பு, பிறகு கருத்து. எப்போதும் அந்த வரிசைதான்.

மாணவத் தோழர்கள் "சரி, என்ன செய்யலாம்?" என்று கேட்பீர்கள். சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. எல்லோரும் 6ஆம் பிரிவில் மனுப் போடுவதோடு நின்றுவிடுகிறோம். 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே அரசு தானாக வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. ஒவ்வொரு பொது அமைப்பும் தன்னிடம் எந்தெந்தக் குழுக்கள் உள்ளன, அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதை வெளியிட்டாக வேண்டும். முக்கியமான கொள்கை வகுக்கும்போது அதற்கான எல்லாத் தகவல்களையும் வெளியிட வேண்டும். ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். இதெல்லாம் அந்தப் பிரிவில் எழுதியே இருக்கிறது. அமைச்சரவைக் கோப்புகளுக்கு விலக்கு உண்டு, அதுவும் முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு காரணங்களையும் ஆதாரங்களையும் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஓர் ஒன்றிய அளவிலான ஆய்வுக் கூட்டம் அமைச்சரவைக் கூட்டம் அல்ல. "இது ஆபீசர்ஸ் மீட்டிங்" என்று வாசலில் சொன்னால், அப்படி எந்த விதி சொல்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். நாங்கள் கேட்டோம். அந்தக் கேள்விக்கு மட்டும் இதுவரை பதில் இல்லை.

இன்னொரு கருவி பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு: முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு விகிதாச்சார இடம். 2022இல் தமிழ்நாட்டில் மறுகட்டமைப்பு செய்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். பல இடங்களில் இது தலைமையாசிரியர் எழுதிக் கையெழுத்து வாங்கும் நோட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கூட்டத்தில் நம்மை வெளியே உட்கார் என்று சொல்ல யாருக்கும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த 19 பிள்ளைகளின் பள்ளியில் அதைத்தான் பிடித்துக்கொண்டோம். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது மாநிலக் கல்வி உரிமை விதி. காலனியிலிருந்து அந்தப் பள்ளி வரை எத்தனை தப்படி என்று பெண்கள் நடந்தே அளந்தார்கள். காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை சாலையோரம் உட்கார்ந்து லாரிகளை எண்ணியது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பெண்கள். எல்லாவற்றையும் தீர்மானமாக எழுதி, பெற்றோர் செயலியில் ஏற்றி, நகலை மேலே அனுப்பினோம். கூடவே அக்கா தனியாக ஒரு கடிதம் கொடுத்தார்: நடவடிக்கைக் குறிப்பில் உள்ளது என் கருத்து அல்ல, என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, என் கையெழுத்து திண்ணையில் வாங்கப்பட்டது. அந்த மூன்று வரியையும் அவரே தமிழில் எழுதினார். ஒன்றே கால் மணி நேரம் ஆனது.

பள்ளி இணைக்கப்படவில்லை. வெற்றி என்று எழுத ஆசைதான். அடுத்த கல்வியாண்டில் இரண்டு ஆசிரியரில் ஒருவர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஒற்றை ஆசிரியர் பள்ளி என்றதும் நான்கு குடும்பங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டன. இரண்டு குடும்பம் ஜிகணிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டது. இப்போது 12 பிள்ளைகள். பள்ளியை மூட ஆணை தேவையில்லை, இப்படியும் மூடலாம். மாற்றுப்பணி முடிவு எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது என்று கேட்டு ஒரு மனு போயிருக்கிறது.

இதற்கிடையில் 2025 ஜனவரி 5 அன்று, நம் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். ஆக, கதவுக்கு வெளியே நிறுத்தி வைக்கக்கூட இப்போது ஊராட்சியில் வார்டு உறுப்பினர் இல்லை. படிப்பு வட்டத் தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். அமைச்சரை வெளியே நிறுத்துகிறவர்கள் எங்கள் அக்காவை நிறுத்தியவர்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் சொந்தம். மேலே ஒரு நியாயமும் கீழே ஒரு நியாயமும் பேச முடியாது. அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "அமைச்சரு பேட்டி குடுக்கலாம்க்கா, அந்தக்கா என்ன குடுக்கும்?" என்றார். அதுவும் சரிதான்.

அக்காவின் பேத்தி இந்த ஆண்டு அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மகளுக்குக் கம்பெனி ஷிப்ட் என்பதால் கூட்டத்துக்கு அக்காதான் போகிறார். போன மாதம் வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். தலைமையாசிரியர் தீர்மான நோட்டை நீட்டியதும் அக்கா பேனாவை வாங்கவில்லை. "மொதல்ல படிங்க சார்" என்றார். அவர் படித்தார். அக்கா இரண்டு இடத்தில் நிறுத்தி, அப்படிப் பேசவில்லையே என்றார். இரண்டும் அடித்துத் திருத்தி எழுதப்பட்டன. பிறகுதான் கையெழுத்து.